ஆறு பச்சைப் பொத்தான்கள்

தையற்காரியின் வயிற்றெரிச்சலுக்கு வயது இரண்டு. கொழுந்தன் கல்யாணம் முடிந்து மனைவியை மாடி அறைக்கு அழைத்துவந்த அன்று அது பிறந்தது. முதல் வருஷம் தன் பாட்டுக்கு ஒரு மூலையில் கிடந்தது. வந்தவள் படித்தவள், பள்ளிக்கூடத்தில் டீச்சர், நாலு பேர் இருக்கும் இடத்தில் கூச்சமில்லாமல் பேசத் தெரிந்தவள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று தையற்காரியும் பெருந்தன்மையாகத்தான் இருந்தாள். இந்த வருஷம் மகள் ஐந்தாம் வகுப்புக்குப் போனாள். வகுப்பு டீச்சர் யார் என்று பார்த்தால், அதே ஓரகத்தி. அன்றோடு பெருந்தன்மை தீர்ந்துபோனது.

மகளை வீட்டில் எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாலு பையைக் கழற்றி எறிவாள், முன்னறையில் துணி வெட்டும் மேஜைமேல் ஏறி உட்காருவாள், "அம்மா, இன்னைக்கு சித்தி என்ன சொன்னாங்க தெரியுமா?" என்று ஆரம்பிப்பாள். சித்தி என்ற சொல் விழுந்ததுமே தையற்காரியின் கால் மிதிப்பலகையை அழுத்தும். மிஷின் கடகடவென்று ஓடும். வாலு கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருப்பாள். தையற்காரி ஊசியைப் பார்த்தபடி "ம்", "ம்" என்பாள். ஒரு வார்த்தை காதில் ஏறாது. ஏறக்கூடாது என்பதற்காகத்தானே மிதிப்பது.

ஆனாலும் வீட்டுக்குள் நடப்பதற்கு மிஷினால் என்ன செய்ய முடியும்? வகுப்பில் இயற்கை வளங்கள் பாடம் ஆரம்பித்த வாரத்திலிருந்து வாலுவின் அதிகாரம் தாங்கவில்லை. பல் தேய்க்கும் அப்பாவிடம் போய்க் குழாயை மூடுவாள். இஸ்திரிப்பெட்டி சூடாகிக்கொண்டிருக்கும்போது வந்து சுவிட்சை அணைத்துவிட்டு, "எல்லாத் துணியையும் சேர்த்து வச்சுட்டு ஒரே தடவையா தேய்ங்கம்மா. சித்தி சொன்னாங்க" என்பாள். தையற்காரிக்குப் பற்றிக்கொண்டு வரும். தண்ணீரை வீணாக்காதே, விளக்கை அணை என்று அவள் தொண்டை வற்றக் கத்தியது எத்தனை வருஷம்! அப்போதெல்லாம் மகளுக்குக் காது கேட்கவில்லை. சித்தி ஒரு தடவை சொன்னாள், வேதவாக்காகிவிட்டது. மிச்சத் துணியில் பை தைப்பதைக்கூட விடவில்லை. வாலு பிறப்பதற்கு முன்பிருந்தே தையற்காரி துண்டுத்துணியை எறிந்ததில்லை. அதற்கு 'மறுபயன்பாடு' என்று பெயராம். அதையும் சித்திதான் சொன்னாளாம்.

டீச்சருக்குப் புத்தகத்தைப் படித்துக் காட்டிவிட்டுப் போகிற வழக்கம் கிடையாது. புதுப்பிக்கத்தக்க வளம், புதுப்பிக்க இயலாத வளம் என்று வாயில் நுழையாத இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு பிள்ளைகள் என்ன செய்யும் என்று ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். ஒரு மாலை மாடியிலிருந்து இறங்கிவந்து, "அக்கா, உங்ககிட்ட ஒரே மாதிரி பட்டன் நிறைய இருக்குமா? பச்சை கொஞ்சம், கறுப்பு கொஞ்சம்" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் வாய் திறந்தாள் தையற்காரி. அதற்குள் வாலு பொத்தான் டப்பாவை எடுத்து மேஜையில் கவிழ்த்துவிட்டாள். கறுப்பு நாற்பது தேறியது. பச்சை இருந்ததே முப்பதுதான். முப்பதும் போனது.

விளையாட்டை ஒத்திகை பார்த்ததும் அதே மேஜையில்தான் என்பதால் அது மட்டும் தையற்காரிக்குத் தலைகீழாகத் தெரியும். இரண்டு தகர டப்பா. ஒன்று காடு, ஒன்று நிலக்கரி. நிலக்கரி டப்பாவில் நாற்பது கறுப்புப் பொத்தான், காட்டில் இருபது பச்சை. வகுப்பு நான்கு ஊராகப் பிரியும். ஒவ்வொரு சுற்றிலும் நான்கு ஊரும் சேர்ந்து இதில் பத்து, அதில் பத்து என்று எடுத்துக்கொள்ளும். நிலக்கரியில் எடுத்தது எடுத்ததுதான், மறுபடி போட மாட்டார்கள். நான்கே சுற்றில் டப்பா காலி. காடு அப்படியில்லை. சுற்று முடிந்ததும் அதில் எத்தனை மிச்சமோ அத்தனை புதிதாகப் போட வேண்டும். பத்து மிஞ்சினால் பத்து வளரும், மறுபடி இருபது. எத்தனை சுற்று ஓடினாலும் காடு அப்படியே நிற்கும். வளர்த்துவிடுவதற்கான பத்து பச்சைப் பொத்தான்கள் ஒரு சின்னப் பையில் தனியாக இருந்தன. டப்பாவுக்கும் பைக்கும் பொறுப்பு காட்டுக் காவலர். யார் அந்தக் காவலர் என்று கேட்கவே வேண்டாம். வாலுவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

"பெற்றோர் நாளன்னைக்கு எல்லார் முன்னாடியும் செய்து காட்டப்போறோம். தலைமையாசிரியர்கூட உட்கார்ந்து பாக்கப்போறாராம். அக்கா, நீங்க கண்டிப்பா வரணும். பட்டன் கொடுத்ததே நீங்கதானே" என்றாள் டீச்சர்.

"வராம?" என்றாள் தையற்காரி. பட்டன் கொடுத்தவள். அவ்வளவுதான் தனக்கு இடம் என்று நினைத்துக்கொண்டாள்.

முந்தைய நாள் மாலை வாலு டப்பாக்களை வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று தடவை எண்ணினாள். மூடியைப் போட்டு ரப்பர் வளையம் மாட்டிப் பள்ளிக்கூடப் பைக்குப் பக்கத்தில் வைத்தாள். எண்ணும்போதும் ஏதோ கதை சொன்னாள். "சித்தி" என்று ஆரம்பித்ததால் மிஷின் ஓடிவிட்டது.

காலையில் வாலு குளிக்கப் போயிருந்தாள். தையற்காரி சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைக்கக் குனிந்தவள், காட்டைப் பார்த்தாள். பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. ஓரகத்தி கொஞ்சம் தடுமாறட்டும் என்றுதான் தோன்றியது. நாலு பேர் முன்னால் அந்த நாக்கு ஒரே ஒரு தடவை குழறினால் போதும். ரப்பர் வளையத்தைக் கழற்றி, மூன்று விரலால் அள்ளி, மறுபடி மாட்டினாள். உள்ளங்கையில் பார்த்தாள். ஆறு. மிஷின் மேஜையின் இழுப்பறையில், உடைந்த ஊசிகள் கிடக்கும் கிண்ணத்துக்கு அடியில் போட்டுவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினாள்.

வகுப்பறையில் பிள்ளைகளின் பெஞ்சில் பெற்றோர் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியருக்கு மட்டும் ஒரு நாற்காலி. முதல் சுற்று சிரிப்பும் சத்தமுமாக நடந்தது. நான்கு ஊரும் பச்சையில் பத்து, கறுப்பில் பத்து எடுத்துக்கொண்டன. "காவலரே, காட்டுல எத்தனை மிச்சம்?" என்று டீச்சர் கேட்டாள்.

வாலு டப்பாவைத் திறந்தாள். பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"நாலு" என்றாள்.

அவள் கை சின்னப் பைக்குள் போனது. பையில் பத்து இருக்கிறது. பத்தையும் கொட்டியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த தையற்காரிக்குத் திடீரென்று, கொட்டுடி, கொட்டிவிடு என்று கத்த வேண்டும்போல இருந்தது. வாலு நான்கை எண்ணி எடுத்தாள். நான்கை மட்டும் போட்டாள். மிச்சத்துக்குத் தகுந்தாற்போலத்தான் வளர வேண்டும், அதுதானே விதி.

இரண்டாம் சுற்றில் எட்டுதான் இருந்தது. முதல் ஊர் மூன்று, இரண்டாம் ஊர் மூன்று, மூன்றாம் ஊர் இரண்டு. நான்காம் ஊர்க்காரன் டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவிவிட்டு, "டீச்சர், எங்களுக்கு ஒண்ணுமே இல்ல!" என்று அலறினான். பெஞ்சிலிருந்து ஒருவர், "அட, கரி இன்னும் பாதி கெடக்கு, காடு காலியா? பாடத்தையே மாத்தி எழுதணும் போலிருக்கே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தலைமையாசிரியரும் சிரித்தார்.

"ஆரம்பத்துல எத்தனை இருந்திச்சு?" என்று டீச்சர் வாலுவிடம் கேட்டாள்.

"இருபது, டீச்சர். சத்தியமா இருபது. மூணு தடவை எண்ணினேன்."

டீச்சர் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். இதோ குழறப்போகிறது என்று தையற்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். டீச்சர் காலி டப்பாவைக் கையில் எடுத்து வகுப்பைப் பார்த்துத் திருப்பிக் காட்டினாள்.

"காடு தானா வளரும், தண்ணி தானா ஊறும், மீன் தானா பெருகும்னு படிச்சோமில்ல? எதுலேர்ந்து வளரும்? மிச்சம் இருக்கிறதுலேர்ந்து. இப்ப இதுல மிச்சம் எவ்வளவு?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"ஒண்ணுமில்லாததை ரெண்டு மடங்காக்கினா?"

"ஒண்ணுமில்ல டீச்சர்!"

"நமக்குத் தெரியாம யாரோ ஆறு மரத்தை முன்னாடியே வெட்டிட்டாங்க. நாம வழக்கம்போலப் பத்து எடுத்தோம். நின்னு எண்ணிப் பாத்திருந்தா ரெண்டோ மூணோ எடுத்துட்டு விட்டிருப்போம், காடு பிழைச்சிருக்கும். வளர்றதுதானேன்னு அசட்டையா இருந்தா, கரிக்கு முன்னாடி காடு தீந்துபோயிடும்."

தலைமையாசிரியர்தான் முதலில் கைதட்டினார். இவ்வளவு நல்ல பாடத்தைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று எழுந்து நின்று சொன்னார். எல்லோரும் தட்டும்போது தையற்காரியும் தட்டியாக வேண்டியிருந்தது. குழி தோண்டப் போய், அவள் ஏறி நிற்க மேடை கட்டிக்கொடுத்த கதையாகிவிட்டதே என்று உள்ளுக்குள் வெந்தாள்.

வெந்துகொண்டே மகளைத் தேடினாள். வாலு கரும்பலகையின் ஓரத்தில் சின்னப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் வகுப்பில் எல்லாப் பச்சைப் பொத்தானையும் எண்ணினார்கள். இருபத்துநான்கு. 'எண்ணத் தெரியாத காவலர்' என்று ஆரம்பித்து, இரண்டே நாளில் 'காட்டுத் திருடி'க்கு வந்துவிட்டார்கள். டீச்சர் அதட்டினாள். அவள் முன்னால் வாயை மூடியவர்கள் மைதானத்தில் திறந்தார்கள். வாலு வீட்டில் கட்டிலுக்கு அடியில், செருப்பு வைக்கும் பெட்டிக்குள், அப்பாவின் சட்டைப் பைகளில் எல்லாம் தேடினாள். தையற்காரியும் கூடக் குனிந்து தேடினாள். மிஷின் இழுப்பறையை மட்டும், "இங்கே நான் பாத்துட்டேன்" என்று தானே சாத்தினாள்.

"நான் காவலரா இருக்கலம்மா. வேற யாருக்காச்சும் கொடுக்கச் சொல்லிட்டேன்" என்றாள் வாலு.

அதற்கப்புறம் அவள் மேஜைமேல் ஏறி உட்காரவில்லை. சித்தி என்ற பேச்சே வீட்டில் இல்லை. வேண்டியது கிடைத்துவிட்டது என்று தையற்காரி இரண்டு நாள் நிம்மதியாகத் தைத்தாள். மூன்றாம் நாள்தான் கவனித்தாள், சித்தியோடு சேர்ந்து மற்றப் பேச்சும் போய்விட்டது. பள்ளிக்கூடம் விட்டு வருவாள், பையை ஒழுங்காக ஆணியில் மாட்டுவாள், உள்ளே போய்விடுவாள். மிஷின் சத்தத்தால் மறைக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று.

டீச்சரின் கோட்டு ஒன்று தைக்கக் கிடந்தது. சாக்பீஸ் தூள் துணியில் படாமலிருக்க மேலே போட்டுக்கொள்கிற மெல்லிய கோட்டு, பச்சைத் துணி. பெற்றோர் நாளுக்கு முன்பே கேட்டிருந்தாள். தையற்காரி இன்று நாளை என்று இழுத்தடித்திருந்தாள். இனி இழுக்க முடியாது என்று முடித்தபோது முன்பக்கத்துக்கு ஆறு பொத்தான் வேண்டியிருந்தது. கை தானாக இழுப்பறைக்குப் போனது. எடுத்த பிறகுதான் யோசித்தாள். யோசித்ததும் பயத்துக்குப் பதிலாகத் தன் புத்திசாலித்தனத்தின்மேல் மதிப்புதான் வந்தது. இதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் உண்டா? காட்டுப் பொத்தானைத் தேடுகிறவர்கள் டீச்சரின் நெஞ்சிலா தேடுவார்கள்? வாசலைப் பார்த்துக்கொண்டே, விரலால் துளையைத் தடவி, ஆறையும் தைத்து முடித்தாள். பின்பக்கம் ஏதோ கீறல் தட்டுப்பட்டது. பழைய பொத்தான், கீறல் இல்லாமலா இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் கீழே வந்து கண்ணாடி முன்னால் கோட்டைப் போட்டுப் பார்த்தாள். "தோள் எவ்வளவு அழகா உட்கார்ந்திருக்கு! உங்க கை யாருக்கு வரும் அக்கா" என்றாள். அவள் அப்படித்தான், மனசாரச் சொல்வாள். அதுதான் தையற்காரிக்கு ஆகாது.

வாலு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். "வாலு, கீழ்ப் பட்டனைக் கொஞ்சம் போட்டுவிடு. குனிஞ்சா மடிப்பு கலையுது" என்று கூப்பிட்டாள் டீச்சர். வாலு வந்து முட்டிபோட்டு உட்கார்ந்து கடைசிப் பொத்தானைப் பிடித்தாள். துளைக்குள் தள்ளப் போனவள் நின்றாள். அதைக் கவிழ்த்துப் பின்பக்கம் பார்த்தாள். பிறகு அடுத்ததை. ஆறையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள்.

"இது காட்டுப் பட்டன்" என்றாள்.

"என்னடி உளர்ற?" என்றாள் தையற்காரி. "பச்சைன்னா எல்லாம் காடா?"

"நான் கீறின இலை இதுல இருக்கு. ஒத்திகையில ஒரு பையனோட சட்டைப் பட்டன் கலந்துபோச்சுன்னு, காம்பஸ் முனையால எல்லாத்துக்கும் பின்னாடி இலை கீறினேன். முப்பதுலயும். உங்ககிட்ட சொன்னேனேம்மா. நீங்க ம்ன்னு சொன்னீங்களே."

சொல்லியிருப்பாள். சித்தி என்று ஆரம்பித்துச் சொல்லியிருப்பாள். தையற்காரியின் கால் தரையிலேயே மிதித்துக்கொண்டிருந்தது.

வாலு எழுந்து டீச்சரை ஏறிட்டாள். அவள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. கோட்டு சித்தியுடையது. பொத்தான் சித்தியின் கோட்டில். அன்று கைதட்டு வாங்கியதும் சித்தி.

"சித்தி, நீங்களா எடுத்தீங்க? பாடம் நல்லா வரணும்னா?"

டீச்சர் பொத்தான்களைக் குனிந்து பார்த்தாள். தலையைத் தூக்கித் தையற்காரியைப் பார்த்தாள். இந்தக் கோட்டைத் தைத்தது யார், பொத்தான் வைத்தது யார் என்று அவளுக்குப் படித்துத்தான் தெரிய வேண்டுமா? ஒரு நொடிதான். பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆமாம்மா" என்றாள். "நான்தான் எடுத்தேன். உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"என்னைத் திருடின்னு சொன்னாங்க சித்தி. நீங்க பாத்துட்டுதானே இருந்தீங்க." வாலுவின் உதடு பிதுங்கியது. "இனிமே நான் உங்ககூட பேசமாட்டேன். எப்பவுமே பேசமாட்டேன்."

ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு வயிற்றில் முகத்தைப் புதைத்தாள். அழுகையின் சூடு புடவையைத் தாண்டி உறைத்தது. எத்தனை மாதமாயிற்று இவள் இப்படிக் கட்டிக்கொண்டு! தையற்காரி ஏங்கியதெல்லாம் இதற்குத்தான். வாயைத் திறக்காமல் நின்றால் போதும், மகள் முழுசாக அவளுக்கு. தானாக மடியில் வந்து விழுந்திருக்கிறது. தலையைத் தடவிக்கொடுத்தாள். இனித்தது, பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது.

தலைக்கு மேலே டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். ஒரு முறைப்பு முறைத்திருக்கலாம். உதட்டைச் சுழித்திருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. யாரோ செய்ததைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, உயிராக நினைத்த பிள்ளையையும் இழந்துவிட்டு, கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள்.

தையற்காரிக்கு எரிந்தது பாருங்கள், இரண்டு வருஷத்தில் எரியாத எரிச்சல். இதிலும் இவள்தான் உசத்தியா? திருடியது நான், தியாகி அவளா? பாடம் நடத்தினாலும் கைதட்டு, பழி சுமந்தாலும் புண்ணியம், எல்லாம் அவளுக்கே போக வேண்டுமா? நல்லவளாக இருக்கும் ஒரே ஒரு வாய்ப்பைக்கூட எனக்கு விட்டுவைக்க மாட்டாளா?

"அவ எடுக்கல" என்றாள். "பொய் சொல்றா. நான்தான் எடுத்தேன்."

"அக்கா, விடுங்க" என்றாள் டீச்சர்.

"நீ சும்மா இரு. உன் தயவு எனக்கு வேண்டாம்." மகளின் முகத்தை நிமிர்த்தினாள். "நீ குளிக்கப் போனப்போ டப்பாவைத் திறந்து ஆறு பட்டனை எடுத்தேன். உங்க சித்தி தடுமாறணும்னு எடுத்தேன். நீ மாட்டிக்குவேன்னு நினைக்கல."

வாலு கையை விட்டாள். இரண்டடி பின்னால் போனாள்.

"எதுக்கு?"

என்ன சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னாள். "காலையில எழுந்தா சித்தி, படுக்கப் போனா சித்தி. எல்லாத்தையும் அவகிட்டயே கொட்டிட்டு வர்ற. அவளுக்குப் போகப் போக எனக்கு மிச்சமே இல்லாம தீந்துடும்னு பயந்துட்டேன்டி."

வாலு புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பெரியவர்களைப் பார்த்துக் கேட்கக்கூடாத கேள்வி என்று அவளுக்குத் தோன்றவில்லை. கோபமாகத்தான் கேட்டாள்.

"அம்மா, நான் என்ன நிலக்கரி டப்பாவா?"

தையற்காரி மேஜைக்குப் போனாள். சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டீச்சரின் கையிலிருந்து கோட்டை வாங்கி, ஆறு பொத்தான்களின் நூலையும் ஒவ்வொன்றாக வெட்டினாள். கண்ணீர் மறைத்ததில் ஒரு தடவை விரலையும் வெட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை அந்த வகுப்பறையில் போய் நின்றாள். பத்து வயசுப் பிள்ளைகள் இருபத்தெட்டு பேர் அவளையே பார்த்தார்கள். எத்தனையோ பெரிய மனிதர்களுக்கு அளவெடுத்தவள்தான், அன்றைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "ஆறு மரத்தை வெட்டினது நான். உங்க காவலர் சரியாத்தான் எண்ணினா" என்று சொல்லி, ஆறையும் ஒவ்வொன்றாகக் காட்டு டப்பாவில் போட்டாள். நான்காம் ஊர்க்காரன் எழுந்து, "ஏன் வெட்டினீங்க?" என்று கேட்டான். "பொறாமையில" என்றாள். அவனுக்கு அது புரிந்ததுபோலத்தான் தெரிந்தது. உட்கார்ந்துகொண்டான்.

வாலு வகுப்பில் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டிலும் பேசவில்லை. செவ்வாய் பேசவில்லை, புதனும் பேசவில்லை. டப்பாவைச் சுரண்டி எடுத்துவிட்டோம், இனி வளர்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்றே தையற்காரி நினைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை மாலை பை ஆணியில் மாட்டப்படவில்லை. தரையில் வந்து விழுந்தது. வெட்டும் மேஜை லேசாக ஆடியது. தையற்காரி திரும்பவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியையே பார்த்தாள்.

"மறுபடி என்னையே காவலரா போட்டிருக்காங்க" என்றது குரல். "இன்னைக்கு சித்தி என்ன சொன்னாங்க தெரியுமா?"

கால் மிதிப்பலகைக்குப் போய்விட்டது. பழக்கம். அதைத் தூக்கித் தரையில் ஊன்றிக்கொண்டாள். வயிறு எரியத்தான் செய்தது. எரிந்துவிட்டுப் போகட்டும் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னா, சொல்லு" என்றாள்.